கணவரின் கேரம் போர்டுக்கு எதிரே போய் உட்கார்ந்த கதை

கேள்வி: என் கணவருக்கு ஒரு விளையாட்டில் பல வருடப் பழக்கம். நானும் கூடச் சேர ஆசைப்படுகிறேன். ஆனால் அவருடைய நண்பர்கள் முன்னால் தப்பாக ஆடிவிடுவேனோ என்று பதற்றமாக இருக்கிறது. இதை எப்படிச் சமாளிப்பது?

என் வீட்டுக்காரருக்குக் கேரம். நாங்கள் இருப்பது வட சென்னையில், புது வண்ணாரப்பேட்டையில். இந்தப் பக்கம் கேரம் என்றால் சாதாரணமாகப் பேசிவிட முடியாது. 2008இல் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, எங்களுக்குப் பக்கத்தில் செரியன் நகர்ப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்த ஊரில், இவர் போகும் கிளப் ஒரு சின்ன அறை. ஸ்டாண்டில் போர்டு, அதற்கு மேலே தாழ்வாகத் தொங்கும் பல்பு, சுற்றி நின்று பார்ப்பதற்குப் பத்துப் பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். டபுள்ஸுக்கு ஒரு ஆள் குறைந்தது. "அண்ணி, நீங்க ஒக்காருங்க" என்றான் ஒரு தம்பி. உட்கார்ந்துவிட்டேன். விரல் மரத்துப்போனது. அடித்த ஸ்ட்ரைக்கர் பாதி வழியிலேயே நின்றது. யாரும் சிரிக்கவில்லை, அதை நான் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் என் ஜோடியாக எதிரே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "கையத் தளர்த்து. முழங்கைய உள்ள கொண்டுவராத. காயினப் பாரு, என்னப் பாக்காத" என்று ஒவ்வொரு அடிக்கும் நாலு விஷயம் சொன்னார். உதவி செய்வதாகத்தான் நினைத்தார். எனக்கு இன்னும் இறுகியது. அடுப்பில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

நாலு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. யோசித்துப் பார்த்ததில், தோற்பதைப் பற்றி எனக்குப் பயம் இல்லை என்று புரிந்தது. வேலை, வீடு என்று ஓடுகிற மனிதருக்கு மனசு லேசாக இருக்கிற ஒரே இடம் அது. அங்கே போய் அவருக்குத் தலைகுனிவு உண்டாக்கிவிடுவேனோ என்பதுதான் என் பயம். ஒரு ராத்திரி இதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ பாதியில எழுந்து போனதும் உனக்கு இது புடிக்கலன்னுல நெனச்சேன்" என்றார். நான் பயந்த மாதிரி எதுவும் அவர் மனதில் ஓடவே இல்லை.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: எது பயமாக இருக்கிறது என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாமே ஒன்றை நினைத்துக்கொண்டு விலகினால் அவர் வேறொன்றை நினைத்துக்கொள்கிறார்.

அவரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஆடும்போது எதுவும் சொல்லித்தர வேண்டாம், நானாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது, கொஞ்ச நாள் வீட்டில், யாரும் பார்க்காமல் பழக வேண்டும். (போட்டிகளில் டபுள்ஸ் ஆடும்போது ஜோடிக்கு யோசனை சொல்லக் கூடாது என்று விதியே இருப்பதாக அவரே பிறகு சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது!)

கிளப்பில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய போர்டு வீட்டுக்கு வந்தது. தினமும் அரை மணி நேரம், ஒரே ஒரு காயினை வைத்து நேராக மூலைக் குழிக்குள் போடுவது மட்டும்தான். பதற்றத்தில் விரல் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதில்லை, தள்ளுகிறது. அதனால்தான் பாதியில் நின்றிருக்கிறது. நகம் ஸ்ட்ரைக்கரைத் தொடுகிற மாதிரி வைத்துக்கொண்டு, மூச்சை விடும்போது சுண்டிப் பார்த்தேன். சத்தமே மாறியது. கை வேர்த்தால் போர்டிலும் ஈரம் படும், காயின் ஓடாது. மடியில் ஒரு துணி வைத்துக்கொண்டேன். கடல் பக்கம் என்பதால் மழைக்காலத்தில் போர்டே நமுத்துப்போகும். பவுடரை அள்ளிக் கொட்டாமல் ஒரு சிட்டிகை தூவினால் போதும்.

விதிகளைப் படித்ததும் உதவியது. அடிப்பதற்கு முன் ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது, அது நமக்கு முன்னால் இருக்கிற இரண்டு கோடுகளையும் தொட வேண்டும். அந்தக் கோடுகளின் ஓரத்தில் இருக்கிற வட்டத்தை முழுசாக மூட வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. இதைச் சரிபார்ப்பதில் கவனம் போனால், யார் பார்க்கிறார்கள் என்பது மறந்துவிடுகிறது. ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியான பிரேக்கில் ஸ்ட்ரைக்கர் காயினைத் தொடாமல் போனால் இன்னும் இரண்டு வாய்ப்பு உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முதல் அடி தவறலாம் என்று விதி எழுதியவர்களே இடம் விட்டிருக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து, கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளப்புக்குப் போனேன். நாலே பேர். ரெட், அதாவது சிவப்புக் காயினைக் குழியில் போட்டேன். அதற்கு அடுத்து ஃபாலோவாகப் போட வேண்டிய என் காயின் தவறியது, ரெட் திரும்ப நடுவில் போய் உட்கார்ந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அமைதிக்காக அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

இன்னொன்று. அவருக்குப் புறா வளர்ப்பும் உண்டு. அதிலும் சேர்ந்து பார்த்தேன், எனக்கு ஒட்டவில்லை. மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர் வைப்பதோடு சரி. அவருக்கு அதில் வருத்தம் இல்லை. பயமா, பிடிக்கவில்லையா என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், கேரமை விட்டு எழுந்து வந்த அன்றைக்கே சமையல் மேடையில் ஒரு டப்பா மூடியை என் விரல் சுண்டிக்கொண்டிருந்தது. புறாக் கூண்டை விட்டு இறங்கியதும் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. நீங்களும் அதைக் கவனித்துப் பாருங்கள். மனசு திரும்பத் திரும்ப அங்கே போகிறது என்றால், அவர் நண்பர்கள் குறைவாக வருகிற நாள் எது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.