அடுப்பங்கரை கேள்வி பதில்: ஜப்பான் கத்தியில பல்லு விழுந்துருச்சு!

கேள்வி: அக்கா, மகன் ஜப்பான்ல இங்கிலீஷ் டீச்சரா இருக்கான், தீபாவளிக்கு வந்தப்ப கையால அடிச்ச சாண்டோக்கு கத்தி ஒண்ணு கொண்டுவந்தான். எல்லாத்துக்கும் ஆகும்னான், சரினு மட்டன் வெட்டினேன், கூர் ரெண்டு இடத்துல தெறிச்சு பல்லு விழுந்துருச்சு, அச்சாருக்கு மாங்கா நறுக்கினதுல நீலமா கருப்பா வேற மாறிருச்சு. டூப்ளிகேட்டா?
(வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: இல்லம்மா, நல்ல கத்திதான், அதான் பிரச்சினையே. காய், மீன், எலும்பில்லாத கறி, இந்த மூணுக்கும்தான் சாண்டோக்கு, உங்க மகன் எலும்பை மட்டும் சொல்ல மறந்துட்டாரு போல. அந்த இரும்போட கடினம் ராக்வெல் கணக்குல 60க்கு மேல, ஜெர்மன் கத்தி 56, 58ல நிக்கும், கடினம் கூடுனதால கூர் ரொம்ப நாள் தாங்கும் ஆனா வளைஞ்சு குடுக்காது, எலும்புல பட்டா அப்படியே தெறிச்சிரும். மட்டனை புட்சர்கிட்ட மெஷின்ல அறுத்து வாங்கிக்கோங்க, இல்ல பழைய வெட்டுக்கத்திய எடுங்க. நண்டு, மீன் தலை, ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கறி எதுக்கும் இது வேண்டாம், பூசணிக்குள்ள செருகி திருகுறதும் கூடாது, காய் வெட்டுற கண்ணாடி போர்டு இருந்தா யாருக்காவது குடுத்துருங்க.

நீலக்கருப்பு நிறம் நல்லதுதான், கார்பன் இரும்புல புளிப்பு பட்டா அப்படித்தான் படியும், அதுவே துருவைக் கொஞ்சம் தடுக்கும். செவப்பா வந்தா மட்டும் துரு, உடனே தேய்ச்சு எடுங்க.

பல்லுக்கு சாணைக்கல்தான் வழி. சின்னதா இருந்தா 1000 நம்பர் கல்லுலயே பொறுமையா தேய்ச்சா போயிரும், பெருசுனா முதல்ல 400, அப்புறம் 1000, கடைசில 3000. ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி, அதாவது 45 மில்லிமீட்டர் அகலக் கத்தின்னா முதுகை ஒரு 12 மில்லிமீட்டர் தூக்கிப் பிடிச்சா சரியா வரும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. தண்ணியில்லாம சுத்துற சக்கரத்துல சாணை பிடிக்கிறவங்ககிட்ட குடுத்துராதீங்க, சூடு ஏறி டெம்பர், அதாவது இரும்போட பதம், போயிரும். உள்ள விட்டு இழுக்குற ஷார்ப்பனரும் வேண்டாம்.

கேள்வி: நம்ம டர்பன் கடல்காத்துக்கு கார்பன் கத்தி தாங்குமா? இல்ல ஸ்டெயின்லெஸ்ஸே வாங்கலாமா?
(வாசகர், வெருலம்)

பதில்: கழுவின கையோட தொடைக்கிறவரா நீங்க? ஆமானா கார்பன் வாங்குங்க, சாணைக்கல்லுல சீக்கிரம் கூர் ஏறும், அந்த சொகம் தனி. இல்லனா நடுவுல கார்பன், ரெண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் போத்தின கத்தி வருது, வாய் மட்டும்தான் துரு பிடிக்கும். அதுவும் தொல்லைனா விஜி-10, ஜப்பான்ல எச்சிசென் பக்கம் டகேஃபுல செய்யுற ஸ்டெயின்லெஸ் இரும்பு, நம்ம ஊரு ஈரத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். எதுவா இருந்தாலும் டிஷ்வாஷர்ல போடாதீங்க, மரப்பிடி வெடிச்சிரும்.

கேள்வி: எனக்கு இடதுகை, சாண்டோக்கு சரிப்படுமா?
(வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: பொதுவா ரெண்டு பக்கமும் கூர் தீட்டியிருப்பாங்க, அதனால சரிப்படும். மீனுக்குனு செய்யுற டேபா, யானகிபா ரெண்டும் ஒரு பக்கம் மட்டும் கூர் வச்சது, அது வாங்குறப்ப இடதுகைக்குனு கேட்டு வாங்குங்க, விலை கூடத்தான் இருக்கும்.