பதில்: தமிழ்ச் செயற்குறிகளில் மட்டும் விடை தவறாக வருகிறது

வணக்கம். நீங்கள் உருவாக்கும், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதக்கூடிய நிரல்மொழியில், ஆங்கிலச் சொற்களில் சரியாக ஓடும் நிபந்தனை, செயற்குறிகளை (நிபந்தனைகளை இணைக்கும் சொற்களை) ‘அல்லது’, ‘மற்றும்’ என்று மாற்றியதும் இடமிருந்து வலமாகவே கணக்கிடப்படுகிறது என்கிறீர்கள். நீங்கள் ஒட்டிய நிரலில் எந்தச் செயற்குறியை முதலில் கணக்கிடுவது என்று சொல்லும் முன்னுரிமைப் பட்டியல் மொழிக்கொன்றாக இருக்கிறது. தமிழ்ப் பட்டியலில் இந்த இரண்டும் விடுபட்டதால், இரண்டுக்கும் ஒரே இயல்புநிலை மதிப்பு போய்ச் சேருகிறது.

பட்டியல் ஒன்றே போதும். எந்த மொழிச் சொல் வந்தாலும் நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் லெக்சரிலேயே ஒரே டோக்கனாக (உள் அடையாளமாக) மாற்றிவிடுங்கள். டோக்கன்களைச் சேர்த்து வாக்கிய அமைப்பைப் புரிந்துகொள்ளும் பார்சருக்கு மனித மொழி எதுவென்றே தெரியக்கூடாது. அல்கால் 68 என்ற பழைய நிரல்மொழி இப்படித்தான் குறியீட்டையும் அதை எழுதும் வடிவத்தையும் பிரித்தது. அதனால்தான் அதை ரஷ்யச் சொற்களிலும் எழுத முடிந்தது. அதில் இருபக்கச் செயற்குறிகளுக்கு முன்னுரிமை 1 முதல் 9 வரை (பெரிய எண் முதலில்): ‘மற்றும்’ வகைக்கு 3, ‘அல்லது’ வகைக்கு 2. புதிய செயற்குறிக்கு எண் தராவிட்டால் பிழை. நீங்களும் பிழையே காட்டுங்கள், சத்தமில்லாமல் ஒரு மதிப்பைக் கொடுப்பது ஆபத்து.

அப்புறம், ‘இரண்டிலொன்று’ என்ற செயற்குறி சிலருக்கு மட்டும் வேலை செய்யாததற்குக் காரணம், எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோட் முறை. ‘லொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற, குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள்.

‘இல்லை’யைத் தமிழ் வழக்கப்படி நிபந்தனைக்குப் பின்னால் வைக்க வேண்டுமென்றால், உங்கள் நிரல்மொழியின் இலக்கண விதியையே மாற்ற வேண்டும். முதல் பதிப்பில் அதைத் தொடாதீர்கள்.