எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் அடிக்கடி பறவைகள் மோதி விழுகின்றன. என்ன செய்வது? கெட்ட சகுனம் என்கிறார்களே?

சகுனமெல்லாம் இல்லைங்க. கண்ணாடி என்று ஒன்று குறுக்கே இருப்பது பறவைக்குத் தெரியாது, அவ்வளவுதான். எதிரே நிற்கும் வேப்பமரமும் வானமும் ஜன்னலில் அப்படியே தெரிகின்றன. அங்கேயும் ஒரு மரம் இருக்கிறதென்று நம்பி முழு வேகத்தில் வருகிறது.

நாங்கள் இருப்பது நாகமலை புதுக்கோட்டையில். வீட்டுக்குப் பின்னால் மலை. மேற்கு வெயிலுக்குப் பயந்து மாடி ஜன்னலுக்கு கூலிங் ஃபிலிம் ஒட்டினோம். வெளியே நின்று பார்த்தால் மலை முழுவதும் அந்தக் கண்ணாடிக்குள் இருக்கும். முதல் வருடத்தில் நான் பார்த்தே ஏழு பறவைகள் விழுந்தன.

முதலில் விழுந்தது ஒரு தேன்சிட்டு. அம்மா பதறிப்போய், "பாவம்டா, நாக்கு வறண்டிருக்கும்" என்று, குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கில் தண்ணீர் எடுத்து அலகைத் திறந்து ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அது இறந்துவிட்டது. அடியிலேயே போயிருக்கலாம். ஆனால் பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னால், வாயின் தரையிலேயே இருக்கிறது. மயக்கத்தில் கிடக்கும்போது ஊற்றினால் தண்ணீர் நேரே மூச்சுக்குள் போய்விடும். இது அப்போது எங்களுக்குத் தெரியாது. தயவுசெய்து தண்ணீர், சோறு, குளுக்கோஸ் எதையும் வாயில் புகட்டாதீர்கள். இரக்கப்பட்டு நாம் செய்கிற முதல் காரியமே அதைக் கொன்றுவிடக்கூடும்.

அடுத்தது ஓர் அக்டோபர் காலையில் விழுந்த ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. இமயமலை அடிவாரப் பக்கமிருந்து இரவிரவாகப் பறந்து குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை அது. அவ்வளவு தூரம் தப்பி வந்தது எங்கள் ஜன்னலில் அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்தபோது மனது கேட்கவில்லை.

இந்த முறை தெரிந்தவர்களிடம் கேட்டு வைத்திருந்தேன். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் நாலைந்து துளை போட்டு, அப்பாவின் பழைய வேட்டித் துணியை மடித்து விரித்தேன். டர்க்கி டவல் வேண்டாம், நூலில் நகம் சிக்கிக்கொள்ளும். பறவையை இரண்டு கையாலும் மெதுவாக எடுத்து, மார்பை அழுத்தாமல் நிமிர்த்தி உட்காரவைத்து மூடினேன். ஃபேன் இல்லாத, ஆள் நடமாட்டமில்லாத அறையில் வைத்தோம். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. திறந்து திறந்து பார்த்தால் பயத்திலேயே அதன் நிலை மோசமாகும். தம்பி மகளை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம் கேட்டது. கொய்யா மரத்தடியில் வைத்து மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றோம். இரண்டு தத்து தத்தியது, அப்புறம் தாழ்வாகப் பறந்து புதருக்குள் போய்விட்டது.

விழுந்த இடத்திலேயே விடலாமா என்று கேட்பீர்கள். நம் ஊரில் கூடாது. காக்காயோ பூனையோ ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தரை தணலாக இருக்கும். இரண்டு மணி நேரமாகியும் பறக்கவில்லை, இறக்கை ஒரு பக்கம் தொங்குகிறது, ரத்தம் வருகிறது என்றால் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறை அலுவலகத்துக்கோ கொண்டுபோங்கள். கூண்டில் போட்டு வளர்க்க நினைக்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், கிளிக்கும் சேர்த்துத்தான்.

சரி, மோதாமல் தடுப்பது எப்படி? பருந்து படம் ஒன்றை ஒட்டினால் போதும் என்பார்கள். நானும் ஒட்டினேன், அதற்குப் பக்கத்திலேயே ஒரு சின்னான் மோதியது. படம் எது என்பதல்ல, இடைவெளிதான் முக்கியம். பறவை தன் உடம்பு நுழையும் என்று நினைக்கிற சந்து எதுவும் இருக்கக்கூடாது. புள்ளிக்கோலத்துக்கு வைப்பதுபோல, 5 செ.மீ.க்கு ஒரு புள்ளி, கண்ணாடி முழுவதும் வைக்க வேண்டும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் வைக்க வேண்டும், உள்ளே வைத்தால் பிரதிபலிப்பில் மறைந்துபோகும். வெள்ளை பெயின்ட் மார்க்கர் நன்றாக நிற்கிறது. எங்கள் வீட்டில் அம்மாதான் புள்ளி வைத்தார்.

அதைவிட நல்லது கொசுவலை. ஜன்னலுக்கு வெளியே, கண்ணாடி முழுவதையும் மூடும்படி ஃபிரேம் அடித்து மாட்டுங்கள். பிம்பமும் மங்கும், மோதினாலும் வலை தாங்கிக்கொள்ளும். ஸ்லைடிங் ஜன்னலோடு வரும் வலை பாதியைத்தான் மறைக்கும் என்பதால் அதை நம்ப வேண்டாம். கோடைக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பவர்கள் ஜன்னலுக்கு மூன்றடிக்குள் வையுங்கள், கிளம்பும்போது வேகம் பிடிக்காது. இல்லையென்றால் நன்றாகத் தள்ளி வைத்துவிடுங்கள்.

"நம்முடையது மாடி வீடுதானே, இதெல்லாம் பெருநகரத்துக் கட்டடப் பிரச்சினை" என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். அமெரிக்காவில் ஆண்டுக்கு 36 கோடி முதல் 99 கோடிப் பறவைகள் வரை கண்ணாடியில் மோதிச் சாவதாக 2014-இல் மதிப்பிட்டார்கள். அதில் வானளாவிய கட்டடங்களின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் வீடுகளும் தாழ்வான கட்டடங்களும்தான்.

இன்னொன்று. ஒரே பறவை தினமும் வந்து கண்ணாடியைக் கொத்துகிறது என்றால் அது வேறு விஷயம். தவிட்டுக்குருவியும் குண்டுக்கரிச்சானும் தன் பிம்பத்தைப் போட்டிக்கு வந்த பறவை என்று நினைத்துச் சண்டைபோடும். அந்த இடத்தை வெளியிலிருந்து செய்தித்தாளால் சில நாள் மூடிவையுங்கள், பைக் கண்ணாடி என்றால் ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள். அக்டோபர், நவம்பர் இரவுகளில் மாடி விளக்கையும் அணைத்துவிடுங்கள். ஆறுமணிக்குருவிகள் வருகிற நேரம் அது.