மாஸ்டர்ஸ் பட்டம் வேறு, சார்ஸ் பதிவு வேறு

கேள்வி: டர்பன், பீனிக்ஸில் இருக்கிறேன். பி.காம் அக்கவுன்டிங் முடித்து ஆறு வருடமாக ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்றாம் ஆண்டு வரிப் பாடத்தில் 58 மதிப்பெண். வரியில் மேல்படிப்பு படித்து, பிறகு சொந்தமாக மற்றவர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்க ஆசை. தெரிந்தவர் மூலம் வந்த ஓர் ஏஜென்ட், 'வரிவிதிப்பும் வணிகப் பொருளியலும்' என்று ஒரு மாஸ்டர்ஸ் இருக்கிறது, பத்தே மாதம், எல்லாம் ஆன்லைன், முடித்த கையோடு சார்ஸ், அதாவது தென்னாப்பிரிக்க வரித் துறையின், லைசென்ஸ் கிடைத்துவிடும் என்கிறார். மொத்தம் 48,000 ராண்ட். மாதக் கடைசிக்குள் 15,000 முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. ஒரு ராண்ட்கூடக் கொடுக்க வேண்டாம். அவர் சொன்னதில் இரண்டு விஷயம் அடியோடு தவறு. மூன்று வருட பி.காம் முடித்தவர் நேராக மாஸ்டர்ஸில் சேர முடியாது. மாஸ்டர்ஸ் முடித்துவிட்டதால் மட்டும் யாருக்கும் சார்ஸ் பதிவு வந்துவிடாது.

முதல் விஷயம். இந்த நாட்டில் எல்லாப் படிப்பும் என்.க்யூ.எஃப் என்ற பத்துப் படிகளில் ஏதாவது ஒன்றில் உட்காரும். உங்கள் பி.காம் 7-ஆம் படி. பட்டத்துக்குப் பிறகு படிக்கும் ஆனர்ஸும் போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமோவும் 8. மாஸ்டர்ஸ் 9. எட்டை முடிக்காமல் ஒன்பதுக்குப் போக உங்களுக்கு வழியில்லை. அந்தப் பத்து மாதக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாஸ்டர்ஸ் என்றால் குறைந்தது 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு, ஆக 1,800 மணி நேரம். பத்து மாதத்தில் முடிக்க வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும். முழுநேர வேலையில் இருப்பவருக்கு இது நடக்கிற காரியம் இல்லை. இப்படி விற்பது பெரும்பாலும் ஒரு குறுகிய பயிற்சி வகுப்பாகத்தான் இருக்கும். சான்றிதழில் தங்க எழுத்து இருக்கும், என்.க்யூ.எஃப் படி இருக்காது.

இரண்டாவது, சார்ஸ் பதிவு. பணம் வாங்கிக்கொண்டு வரி ஆலோசனை சொல்பவர், அடுத்தவருக்கு ரிட்டர்ன் நிரப்பிக் கொடுப்பவர், இரண்டு இடத்தில் பதிய வேண்டும் என்கிறது 2011-ஆம் ஆண்டின் வரி நிர்வாகச் சட்டம், பிரிவு 240. முதலில் சார்ஸ் அங்கீகரித்த தொழில் அமைப்பு ஒன்றில் உறுப்பினர் ஆக வேண்டும். சாய்கா, சாய்பா, சாய்ட் போன்றவை. பிறகுதான் சார்ஸிடம் பதிவு, எண். ஒவ்வோர் அமைப்பும் தனித் தகுதி, தனி அனுபவ ஆண்டுகள் கேட்கும். உங்கள் சொந்த வரிக் கணக்கு பாக்கியில்லாமல் இருக்க வேண்டும். கடந்த ஐந்து ஆண்டில் திருட்டு, மோசடி போன்ற குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தால் கதவு மூடிவிடும். இந்த நிபந்தனைகளில் மாஸ்டர்ஸ் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பி.காமும் ஆறு வருட அனுபவமும் வைத்திருப்பவர், மேல்படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்த அமைப்புகளில் ஒன்றுக்கு எழுதி, எந்த நிலையில் தன்னைச் சேர்ப்பார்கள் என்று கேட்க வேண்டும். ஏஜென்ட்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அதில் அவர்களுக்குக் கமிஷன் கிடையாது.

'அப்படியானால் ஆறு வருடமாக ஆபீஸில் நான் போட்ட ரிட்டர்ன்கள் எல்லாம் தப்பா?' என்று இந்த இடத்தில் பயம் வரும். இல்லை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். பதிவு பெற்ற ஒருவருடைய நேரடி மேற்பார்வையில் வேலை செய்பவர் தனியாகப் பதிய வேண்டியதில்லை. உங்கள் முதலாளிக்குப் பதிவு இருக்கிறது, நீங்கள் போட்டதை அவர் பார்த்து, அவருடைய பொறுப்பில் அனுப்புகிறார் என்றால் நீங்கள் பத்திரம். ஆனால் அந்த விலக்கு அந்த வேலைக்கு மட்டும்தான், உங்களோடு வீட்டுக்கு வராது. சனிக்கிழமை பக்கத்து வீட்டு டாக்ஸி உரிமையாளருக்கு 300 ராண்ட் வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போட்டால் அங்கே மேற்பார்வை இல்லை, விலக்கும் இல்லை. முதலாளிக்குத் தெரியும், அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது மேற்பார்வை ஆகாது. அவருடைய இ-ஃபைலிங் பாஸ்வேர்டை வாங்கி உங்கள் வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தினால் இரண்டு பேருமே மாட்டுவீர்கள். காசே வாங்காமல் அத்தைக்கும் மாமாவுக்கும் போட்டுக் கொடுப்பது வேறு, அதற்குச் சட்டம் இடம் தருகிறது. காசுக்குப் பதில் சேலையும் அரிசி மூட்டையும் வாங்கிக்கொண்டு 'இலவசம்' என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், அதுவும் கைம்மாறுதான். வேண்டுமென்றே பதியாமல் இந்தத் தொழில் செய்தால் அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை.

சரி, நிறுவனம் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது? உயர்கல்வித் துறையில் பதிவு செய்யாமல் எந்தத் தனியார் நிறுவனமும் பட்டம் கொடுக்கக் கூடாது என்கிறது 1997-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். அந்தப் பதிவு எண் ஆண்டு, சாய்கோடு, எச்.இ.07, சாய்கோடு, மூன்று இலக்கம் என்ற வடிவில் பெரும்பாலும் இருக்கும். ஏஜென்ட்கள் பெரும்பாலும் காட்டுவது கம்பெனிப் பதிவு எண். அது ஆண்டு, சாய்கோடு, ஆறு இலக்கம், சாய்கோடு, 07. இரண்டிலும் ஆண்டும் 07-ம் இருப்பதால் பார்ப்பவர் ஏமாந்துவிடுகிறார். கம்பெனி எண்ணை மிட்டாய்க் கடைக்காரரும் வாங்கலாம். நடுவில் எச்.இ. என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு விடாமல், நீங்கள் சேரப் போகும் படிப்புக்கே உரிய சாக்வா (நாட்டின் படிப்புகளைப் பதிந்து வைக்கும் அரசு அமைப்பு) அடையாள எண்ணைக் கேட்டு, சாக்வா தளத்தில் நீங்களே தேடுங்கள். படிப்பின் முழுப் பெயர், என்.க்யூ.எஃப் படி, கிரெடிட், நிறுவனத்தின் பெயர் நான்கும் பொருந்த வேண்டும். 'பதிவு வந்துகொண்டிருக்கிறது' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 'வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்' என்றால், அந்தப் பட்டத்தை சாக்வா மதிப்பிட்டு ஏற்றால்தான் இங்கே அதற்கு மதிப்பு.

இத்தனையும் ஒரு மாணவி தானே தோண்டித் தேட வேண்டியிருப்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. பதிவுப் பட்டியல் ஒரு துறையில், தர அங்கீகாரம் உயர்கல்விக் கவுன்சிலில், படிப்பின் விவரம் சாக்வாவில். மூன்றையும் ஒரே பக்கத்தில் எளிய மொழியில் வைத்திருந்தால் இந்த ஏஜென்ட்களில் பாதிப் பேர் கடையைக் கட்டியிருப்பார்கள். பல்கலைக்கழகங்களும் மின்னஞ்சலுக்கு வாரக்கணக்கில் பதில் போடுவதில்லை. அந்த இடைவெளியில்தான் இவர்கள் வாட்ஸாப்பில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி ஆளைப் பிடிக்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகம் எதிலும் சேர இடைத்தரகர் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் தளத்தில் நேரடியாக விண்ணப்பம், பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்கில் உங்கள் மாணவர் எண்ணைப் போட்டுக் கட்டணம். வேறு யார் கணக்கு எண் கொடுத்தாலும் வேண்டாம்.

இனி உங்களுக்கு ஏற்ற வழி. ஆனர்ஸும் டிப்ளமோவும் ஒரே படிதான், இரண்டும் 120 கிரெடிட். வித்தியாசம், ஆனர்ஸில் குறைந்தது 30 கிரெடிட்டுக்கு ஆய்வு எழுத வேண்டும், டிப்ளமோவில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் டிப்ளமோ வேலைக்குப் போகிறவர்களுக்கு இலகு. ஆனால் பின்னால் மாஸ்டர்ஸ் ஆசை வந்தால், 'ஆய்வு முறை படித்ததில்லையே' என்று சில துறைகள் நிறுத்திவிடும். சொந்தமாக ரிட்டர்ன் போடுவதுதான் நோக்கம் என்றால் டிப்ளமோ போதும். மாஸ்டர்ஸ் வரை போகும் எண்ணம் இருந்தால் சிரமப்பட்டாலும் ஆனர்ஸ் எடுங்கள்.

உங்கள் 58 ஒரு சிக்கல். பெரும்பாலான துறைகள் மூன்றாம் ஆண்டு வரிப் பாடத்தில் 60-ஐ ஒட்டிக் கேட்கின்றன. துறைத் தலைவருக்கு அனுபவக் கடிதத்தோடு எழுதிப் பாருங்கள். முடியாதென்றால் தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசாவில் பட்டத்துக்கு அல்லாத மாணவியாக அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதி நல்ல மதிப்பெண் எடுக்கலாம். ஒரு வருடம் போகும், ஆனால் அந்த வருடம் வீணாகாது. எப்போதோ படித்த பாடத்தோடு ஆனர்ஸ் வகுப்பில் உட்கார்ந்தால் முதல் தேர்விலேயே திணறுவீர்கள்.

ஏனென்றால் கேள்வியின் வகையே மாறுகிறது. பி.காமில் 'வரிக் கழிவு எவ்வளவு?' என்பார்கள். மேல்படிப்பில் 'கழிவு உண்டா, ஏன்?' என்பார்கள். போர்ட் எலிசபெத் டிராம் கம்பெனி வழக்கு, 1936, எல்லா வகுப்பிலும் வரும். டிராம் ஓட்டுநர் விபத்தில் இறந்தார். கம்பெனி இழப்பீடு கொடுத்தது. அதை எதிர்த்து வாதாட வக்கீல் செலவும் செய்தது. இழப்பீட்டுக்குக் கழிவு கிடைத்தது, வக்கீல் செலவுக்குக் கிடைக்கவில்லை. ஓட்டுநர் இல்லாமல் டிராம் ஓடாது, அவரை வைத்திருப்பதிலேயே அந்த ஆபத்தும் அடங்கியிருக்கிறது. வழக்காடுவது வருமானம் ஈட்டும் செயலில் சேராது என்றது நீதிமன்றம். இன்று வக்கீல் செலவுக்குச் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு. அதையும் சேர்த்து எழுதினால்தான் மதிப்பெண்.

பொருளியல் பகுதியும் இப்படித்தான். வாட் 2018 ஏப்ரலில் 14-இலிருந்து 15 சதவீதம் ஆனது. மறு ஏப்ரலில் கேக் மாவு, வெள்ளை ரொட்டி மாவு, சானிட்டரி பேட் மூன்றும் பூஜ்ய வரிக்குள் வந்தன. அரிசி, பருப்பு முன்பே அங்கே இருந்தவை. 'இந்தச் சலுகை ஏழைக்குப் போகிறதா, அதிகம் வாங்கும் பணக்காரருக்குப் போகிறதா, கடைக்காரர் கையில் தங்கிவிடுகிறதா?' என்று கேட்பார்கள். படிப்பின் பெயரில் 'பொருளியல்' என்று இருந்தால் போதாது. பாடப் பட்டியலை வாங்கி, இப்படிப்பட்ட ஆய்வு இருக்கிறதா, வெறும் மேலாண்மைப் பாடமா என்று பாருங்கள்.

120 கிரெடிட்டை இரண்டு வருடமாகப் பிரித்தால், பாடம் நடக்கும் வாரங்களில் வாரம் 15 மணி நேரம் ஒதுக்க வேண்டும். பழைய பதிப்புப் புத்தகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டு பட்ஜெட்டிலும் விகிதங்களும் வரம்புகளும் மாறலாம். எந்தத் தேதி வரையிலான சட்டம் தேர்வுக்கு என்பதைப் பாடக் குறிப்பில் முதலில் பாருங்கள்.

கட்டணம் பற்றி. 'படிப்புச் செலவை வரியில் கழித்துக்கொள்ளலாம்' என்று ஏஜென்ட் சொல்லியிருந்தால் அதுவும் பொய். சம்பளக்காரரின் படிப்புக் கட்டணத்துக்குக் கழிவு இல்லை, பிரிவு 23(எம்) தடுக்கிறது. முதலாளி பர்சரியாக, அதாவது படிப்பு உதவித்தொகையாக, கட்டினால் நிலைமை வேறு: பிரிவு 10(1)(க்யூ)-படி அந்தத் தொகை உங்கள் வருமானமாக வரிக்கு வராது. அதற்கு ஒரு நிபந்தனை. படிப்பை முடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். மரணம், நோய், காயம் காரணமானால் மட்டும் விதிவிலக்கு. வாய்ப்பேச்சாக விடாமல், கட்டணம் கட்டும் முன் இதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

விண்ணப்பங்கள் பல இடங்களில் செப்டம்பர், அக்டோபரில் மூடிவிடும். பழைய கல்லூரியில் கட்டண பாக்கி இருந்தால் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பாக்கியை முடித்து, மதிப்பெண் பட்டியலை ஆகஸ்டிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.