முதலில் நெக், பிறகு பலகை: வீட்டில் செய்யும் பேஸ் கித்தார்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். எங்கள் கோவில் பஜனைக் குழுவில் பேஸ் கித்தார் வாசிக்கும் என் மகன், இரவல் கருவி தோளை அழுத்துகிறது என்று சொல்லி, தன் உடல்வாகுக்கு ஏற்ற ஒன்றை வீட்டிலேயே செய்ய விரும்புகிறான். எனக்குத் தச்சு வேலை ஓரளவு தெரியும். மரக்கடையில் நல்ல கியாட் பலகை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். எதை முதலில் வாங்க வேண்டும்? எதில் பணத்தைப் போட வேண்டும்? வாங்கிய பாகம் பழுதாக இருந்தால் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: பலகை காத்திருக்கட்டும். முதலில் நெக்கையும் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) பிரிட்ஜையும் (உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) வாங்கி, அவற்றைக் கையில் வைத்து அளந்து, முழு அளவில் காகிதத்தில் வரைந்த பிறகே மரத்துக்குப் பணம் கொடுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த இழப்பே காரணம். நான் செய்த முதல் கருவிக்கு, விற்பனைப் பட்டியலில் நெக்கின் அடிப்பகுதி அகலம் 63.5 மி.மீ. என்று இருந்ததை நம்பி, பொருள் வந்து சேருமுன்பே அது உட்காரும் குழியை வெட்டிவிட்டேன். வந்த நெக் 62 மி.மீ. மட்டுமே இருந்ததால் குழியில் ஆடியது. அந்தப் பலகை வீணாயிற்று.

முதல் முயற்சியில் நெக்கை ஆயத்தமாக வாங்குவதே நல்லது. 1951இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் முதற்கொண்டு, 34 அங்குலம், அதாவது ஏறக்குறைய 864 மி.மீ. கம்பியின் அதிரும் நீளமே பேஸ் கித்தாரின் பொது அளவாக நிலைத்திருக்கிறது. நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கோடான ஒவ்வொரு ஃபிரெட்டுக்கும் எஞ்சியுள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்து இடம் குறிக்க வேண்டும். அதில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சுருதி விலகும் என்பதால், இந்த வேலையைப் பழகாத கையில் விடுவதற்கில்லை. நெக்கினுள் செல்லும் டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பியும் அவ்வாறே. நான்கு கம்பிகளும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ விசையில் இழுக்கும்போது, நெக் வில்லாக வளையாமல் காப்பது அதுதான். மகனின் கை சிறியதாக இருந்தால், 30 அங்குல நெக்கையும் ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 34 அங்குல நெக்கில் பன்னிரண்டாவது ஃபிரெட், நெக்கின் மேல்முனையில் கம்பி தங்கும் இடத்திலிருந்து 432 மி.மீ.இல் விழும், அங்கிருந்து மீண்டும் 432 மி.மீ. தள்ளி பிரிட்ஜில் கம்பி அமரும் இடம் வர வேண்டும். தடித்த கம்பிக்கு இன்னும் சற்று நீளம் தேவைப்படுவதால், பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சிறு துண்டுகளான சேடில்கள் பின்னோக்கி நகர இடம் இருக்குமாறு வரையுங்கள்.

தோள் வலிக்கு எடை மட்டும் காரணமன்று. கித்தாரின் உடற்பகுதி மிக இலேசாக இருந்தால் அதன் தலைப்பகுதி கீழே சாயும். அதை இடது கை தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் வலி இடம் மாறுமே தவிர தீராது. தோள்வார் மாட்டும் மேற்கொம்பின் நுனி பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேராக வரும்படி வரைந்து, கம்பியை முறுக்கிச் சுருதி கூட்டும் டியூனர்களை இலேசான வகையில் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சமநிலை கிடைக்கும். வெட்டுவதற்கு முன், அந்த வடிவத்தை அட்டையில் வெட்டி, மகனின் உடம்போடு வைத்துப் பாருங்கள்.

கியாட் நல்ல தேர்வு. தமிழகத்து வேங்கையின் இனத்தைச் சேர்ந்த அந்த மரம், ஈரப்பதம் மாறும்போது அதிகம் சுருங்கவோ உப்பவோ செய்யாது. 500க்கு 350 மி.மீ. அளவில் 45 மி.மீ. தடிப்புள்ள பலகை ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். வடிவம் வெட்டிக் குழிகள் தோண்டிய பின் கணிசமாகக் குறையும். ஆகவே, கடையில் தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் கிடந்த பலகை டர்பன் கடற்கரை ஈரத்துக்கு வந்ததும் சற்று உப்பும். வீட்டில் வைத்து வாரம் ஒருமுறை எடை பார்த்து, எடை மாறாமல் நின்ற பிறகே அறுங்கள். கியாட் தூள் மூச்சுக்குத் தொல்லை தரும் என்பதால் முகக்கவசம் கட்டாயம் அணியுங்கள்.

கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பில் இப்போது பெரும்பணம் போட வேண்டாம். பொது அளவுக் குழியை வெட்டினால் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு ஒலியைக் கூட்டிக் குறைக்க 250 கிலோ ஓம் பொட்டும் (திருகி மாற்றும் மின்தடை) தொனியை மாற்ற 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போதும்.

இனி, உரிமை பற்றி. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை 6 மாதங்களுக்குள் விற்பவரின் செலவிலேயே திருப்பித் தந்து, பழுதுபார்ப்பு, மாற்றுப்பொருள், பணம் ஆகிய மூன்றில் எது வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால், பொருள் விற்பவரின் கையை விட்டு வந்தபின் அதில் செய்யப்பட்ட மாற்றங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நெக்கில் ஒரு ஸ்க்ரூத் துளை போட்டாலே வழக்கு பலவீனமாகும். எனவே, நெக் வந்தவுடன் அதை நீளவாக்கில் கண்ணருகே பிடித்து முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். டிரஸ் ராட் இரு பக்கமும் மெல்லத் திரும்புகிறதா, எந்த ஃபிரெட்டாவது தூக்கி நிற்கிறதா என்று சோதியுங்கள். அளவுகளைக் காலிப்பரோடு (அகலம், தடிப்பு அளக்கும் கருவி) படம் எடுத்து, ரசீதுடன் வையுங்கள்.

மனம் மாறியதற்காகத் திருப்பித் தருவது வேறு. இணையத்தில் வாங்கியதை, 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. கடைக்கு நேரில் சென்று வாங்கியதற்கு இந்த உரிமை இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், பொருளின் மதிப்போடு 10 விழுக்காடு கூட்டி, அதன்மேல் 15 விழுக்காடு வாட் (மதிப்புக் கூட்டு வரி) விதிப்பார்கள்; 1000 ராண்ட் பொருளுக்கு அது 165 ராண்ட், சுங்க வரி இருந்தால் இன்னும் கூடும். வெளிநாட்டு விற்பனையாளர் மறுத்துவிட்டால் நம் சட்டத்தைக் கொண்டு அவரை வற்புறுத்துவது கடினம் என்பதால், நெக்கையாவது உள்நாட்டில் வாங்கப் பாருங்கள்.

கேள்வி: டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். நான் அனுப்பிய வரைபடத்தின்படி பேஸ் கித்தாரின் உடற்பகுதியைச் செய்து தர இணையவழியே ஒருவரிடம் சொன்னேன். வந்ததில் நெக் குழி 2 மி.மீ. அகலமாக இருக்கிறது. சொல்லிச் செய்த பொருளுக்குத் திருப்பல் கிடையாது என்கிறார். சரிதானா?

பதில்: அவர் இரண்டு சட்டங்களைக் குழப்புகிறார். சொல்லிச் செய்த பொருளுக்கு விலக்கு உண்டு என்பது, மனம் மாறித் திருப்பும் அந்த 7 நாள் உரிமைக்கு மட்டுமே பொருந்தும். பழுதுக்கான 6 மாத உரிமை உங்களுக்கு அப்படியே இருக்கிறது. குழியில் மரத்துண்டு வைத்து அடைக்கவோ, உப்புத்தாள் போடவோ வேண்டாம். காலிப்பர் படத்தோடு எழுத்தில் முறையிட்டு, பதிலுக்கு ஒரு தேதி குறியுங்கள். தீர்வு வராவிட்டால் நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். ஆனால், கடிதம் அனுப்புமுன் உங்கள் வரைபடத்தில் அந்த அகலத்தை என்னவென்று எழுதியிருந்தீர்கள் என்று பாருங்கள். அதே அளவில்தான் அவர் வெட்டியிருக்கிறார் என்றால், அது பழுதாகாது.