பேயும் தேடப்படுகிறவர்களும்

அன்புள்ள அக்கா,
பழைய ஹோட்டல்களின் பேய்க்கதைகளைச் சேர்த்து யூடியூபில் போடுகிறேன். லொஸ் ஏஞ்சல்ஸ் சிசில் ஹோட்டல் மர்மம் இன்னும் தீரவில்லை. அதைப்போல ஆள் காணாமல் போய், பேய் உலாவுகிற பழைய ஹோட்டல் திருகோணமலையில் உண்டா? நீங்கள் பேயை நம்புகிறீர்களா?
ர., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

பேயை நம்புகிறேனா என்ற கதையை விடுவம். சிசிலில் மர்மம் ஒன்றுமில்லை. 2013 ஜனவரி கடைசியில் அங்கே காணாமல் போன 21 வயதுக் கனேடிய மாணவி, பெப்ரவரியில் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிக்குள் கிடைத்தாள். தவறுதலாக மூழ்கிய சாவு, அவளுடைய மனநோயும் ஒரு காரணம் என்று மரண விசாரணையில் எழுதி முடித்தார்கள். லிஃப்டுக்குள் அவள் தடுமாறுகிற வீடியோவை உலகமே பேய்ப்படமாகப் பார்த்தது. நோயில் தவித்த பிள்ளை தம்பி அது, வெட்கமாக இல்லையா?

நம்மூரும் குறைந்ததில்லை. கோணேசர் கோயில் பாறையிலுள்ள இராவணன் வெட்டிலிருந்து குதித்ததாகச் சொல்லப்படும் ஒல்லாந்துப் பெண் பிரான்சினாவுக்கு 1687 என்று பொறித்த தூணே இருக்கிறது. அவள் அதற்குப் பிறகும் உயிரோடிருந்து மறுமணம் செய்ததை ஒல்லாந்தர் பதிவுகள் சொல்கின்றன. பேய்க்கதை முதலில் ஆளைச் சாகடித்துவிடும், எனக்கு ஆத்திரம் அதில்தான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா. யுத்த காலத்தில் வேலைக்குப் போன மகன் திரும்பவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் போராட்டத்தில் அவர் பிடித்திருக்கும் படம் கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் வெட்டி எடுத்தது, மகனின் தோளில் வேறு யாருடையதோ கை இன்னும் இருக்கிறது. மரணச் சான்றிதழ் வாங்க மாட்டார், திவசம் கொடுக்க மாட்டார். பத்திரகாளி அம்மன் கோயிலில் அவன் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்விப்பார். கடற்கரையோரப் பாழடைந்த விடுதியின் மாடியில் இரவில் ஒரு பொடியன் நிற்கிறான், பேய்தான் என்று ஆட்டோக்காரர்கள் கதைத்தது அவர் காதுக்கும் எட்டியது. உடனே போய்க் கேட்டார்: "என்ன நிறச் சேட்டு தம்பி? தாடி இருந்ததோ? எந்தப் பக்கம் போனவன்?" கதை சொன்ன ஒருவராலும் வாய் திறக்க முடியவில்லை.

2015 நவம்பரில், காணாமல் ஆக்கப்படுதல் பற்றி விசாரிக்கும் ஐ.நா. பணிக்குழு இங்கே கடற்படைத் தளத்துக்குள் போய், ஆட்களை இரகசியமாக அடைத்து வைத்த நிலத்தடி அறைகளைப் பார்த்தது. அந்த அறைகளுக்கு இந்த ஊரில் எவரும் பேய்க்கதை கட்டவில்லை, கட்டத் தாய்மார் விடவும் மாட்டார்கள்.

உமக்கு நல்ல குரல், நிதானமாகச் சொல்லவும் தெரிகிறது. ஓகஸ்ட் 30, காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்தன்று இந்தத் தாய்மாரிடம் கமராவோடு வாரும். கடைசியாக எங்கே கண்டார்கள், என்ன உடுத்திருந்தான் என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே போடும். பின்னணி இசை வேண்டாம்.