கேள்வி நேரம்: சுவிஸ் வயலில் தடை, ஆய்வுக்கூடத்தில் அனுமதி

கேள்வி: என் மகள் உயிரித் தொழில்நுட்பம் படித்துவிட்டு மேற்படிப்புக்கு சுவிட்சர்லாந்து போக ஆசைப்படுகிறாள். அவளுடைய சித்தப்பாவோ, "அந்த நாட்டில் மரபணு மாற்றத்துக்கே தடை, அங்கே போய் என்னத்தைப் படிப்பாள்?" என்கிறார். உண்மையா? - வாசகி, செந்தூல்

பதில்: பாதி உண்மை அம்மா. தடை வயலில்தான். 2005 நவம்பரில் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தி, மரபணு மாற்றிய பயிரை விவசாயிகள் ஐந்து வருஷத்துக்கு நடக்கூடாது என்று 55.7 விழுக்காட்டினர் முடிவு செய்தார்கள். ஐந்து வருஷத்தோடு முடிந்ததா என்றால் இல்லை, நாடாளுமன்றம் நீட்டிக்கொண்டே போய் இருபது வருஷத்தைத் தொட்டுவிட்டது. தற்காலிகம் என்று ஆரம்பிப்பதெல்லாம் எந்த நாட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது.

ஆனால் 1998-இல் மரபணு மாற்றிய விலங்குகளையும் அவற்றுக்கான காப்புரிமையையும் அடியோடு தடை செய்யக் கேட்டு ஒரு வாக்கெடுப்பு வந்தபோது, இதே மக்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். நோவார்ட்டிஸ், ரோஷ் என்று மருந்து நிறுவனங்கள் உட்கார்ந்திருக்கும் பாசல் நகரம் அந்த நாட்டில்தானே இருக்கிறது! 2004-இல் நடைமுறைக்கு வந்த மரபணுத் தொழில்நுட்பச் சட்டமும் ஆய்வுக்கூட வேலையைத் தடுக்கவில்லை, ஆபத்தை வைத்து நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் இரண்டு வகுப்பு வேலைக்கு அரசுக்குத் தெரிவித்தால் போதும், மேல் இரண்டுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

வயலிலும் ஆராய்ச்சிக்கு மட்டும் இடம் உண்டு. 2008-இல் சூரிச் பக்கம் சாம்பல் நோயைத் தாங்கும் கோதுமையைச் சோதனைக்குப் போட்டிருந்தார்கள், முகமூடி போட்ட கூட்டம் ஒன்று புகுந்து ஒரு பகுதியை நாசமாக்கிவிட்டுப் போனது. அப்புறம் அதே வட்டாரத்தில் வேலியும் காவலும் போட்டு, அரசே நிரந்தரச் சோதனை வயல் ஒன்றை 2014-இல் ஏற்படுத்தியது. ஆக, உங்கள் மகள் தாராளமாகப் போகலாம், சித்தப்பாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: செடிக்கும் மரியாதை கொடுக்கவேண்டும் என்று சுவிட்சர்லாந்தில் சட்டமாமே? கிண்டலா? - வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கிண்டல் இல்லை. உயிர்களின் கண்ணியத்தை மதிக்கவேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 120-ஆவது பிரிவே சொல்கிறது, செடியும் அதில் சேர்த்திதான். அப்படியென்றால் கீரை பறிக்கலாமா என்று யாராவது கேட்பார்களே, அதற்காக ஓர் அறநெறிக் குழு உட்கார்ந்து விளக்கம் எழுதியது. காரணமில்லாமல் செடியை அழிப்பதுதான் தப்பு என்றார்கள். உலகமே சிரித்தது, 2008-இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசையும் கொடுத்தார்கள். எனக்கென்னவோ கேள்வி கேட்டதே பெரிய விஷயமாகப் படுகிறது.

கேள்வி: நம் மலேசியாவில் என்ன நிலைமை? சந்தையில் வாங்கும் தாஹூ (சோயாக் கட்டி) மரபணு மாற்றிய சோயாவா? - வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: 2007-இல் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள், 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இறக்குமதிக்கு அனுமதி உண்டு. நமக்கு வரும் சோயா பெரும்பாலும் அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா சரக்கு, அங்கே விளைவதில் பெரும்பகுதி மரபணு மாற்றியதுதான். உணவில் அது 3 விழுக்காட்டைத் தாண்டினால் லேபிளில் போடவேண்டும் என்பது நம் விதி, சுவிஸ்காரர்களுக்கு 0.9. ஆனால் காலைச் சந்தையில் தண்ணீர் வாளியில் மிதக்கும் தாஹூவுக்கு ஏது லேபிள்? கடைக்காரரைத்தான் கேட்கவேண்டும், அவருக்கே தெரியுமா என்பது வேறு விஷயம்.

சுவிஸில் சில வகை சோயாவுக்கும் சோளத்துக்கும் அனுமதி இருந்தும், வாங்க ஆளில்லை என்று பெரிய கடைகள் வைப்பதே இல்லை.

எனக்கு உறுத்துவது லேபிள்கூட இல்லை. 2010 டிசம்பரில் பெந்தோங் பக்கக் காட்டில் மரபணு மாற்றிய ஆண் கொசுக்கள் ஆறாயிரத்தைச் சோதனைக்குப் பறக்கவிட்டார்கள். டெங்கியை ஒழிக்கத்தான், ஆண் கொசு கடிக்காது, அனுமதியும் முறைப்படி கொடுத்ததுதான், எல்லாம் சரி. ஆனால் பறக்கவிட்ட செய்தி பொதுமக்கள் காதுக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கொசுவைவிட அந்தத் தாமதம்தான் மக்களை அதிகம் பயமுறுத்தியது.